தூக்கும் முறி

பாறசாலைக்குக் குடிவந்த புதிதில், ஒரு நாள் என்னைத் தூக்கில் போடப்போகிறார்கள் என்றே நம்பிவிட்டேன். முன்பு சிறையாகவும் பிறகு நெல் கிடங்காகவும் இருந்து, இப்போது ஆஸ்பத்திரி ஆகியிருக்கும் கட்டடம் அது. தலைசுற்றலுக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். கம்பி போட்ட ஜன்னல்களைப் பார்த்ததும் சுற்றல் கூடிவிட்டது.

வாசலில் நரைத்த மீசையும் சோர்ந்த கண்களுமாக ஒரு காவல்காரர். யார் வந்தாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அறைவாசல்வரை கூடவே நடப்பார்.

"முதல்ல அந்த முறிக்குப் போணும் சாறே. தூக்கணும்," என்று ஓர் அறையைக் காட்டினார்.

"என்னையா?"

"பின்னே என்னையாக்கும்? வாற எல்லாரையும் தூக்கின பொறவுதான் டாக்டரு பாப்பாரு."

"தூக்கின பிறகு டாக்டர் எதுக்குங்க?"

அவர் பெருமூச்சு விட்டார். "செருப்பக் கழத்தும்."

அறைவாசலில் அவர் கை என் தலைக்கு மேல் உயர்ந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். தலை எதிலோ மோதியது.

உள்ளே இருந்தது எடை மெஷின். அந்த ஊரில் தூக்குவது என்றால் நிறுப்பது. சிறைக்காலத்து வாசல் தாழ்வானது. வருகிறவர்களின் தலை இடிபடாமலிருக்க, அவர் ஒவ்வொருவருக்கும் நிலைக்கட்டையின் அடியில் கையை வைத்துக்கொள்கிறார்.

என் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய விரல் முட்டுகளில் தோல் உரிந்திருந்தது.