தாவீது சொல்லாமல் விட்ட வரி

சென்ற வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணப்பெண் எஸ்தர். எங்கள் சர்ச்சில் எனக்குப் பின்வரிசையில் உட்காரும் தாவீதின் மகள். பிரியாணி பிரமாதம் என்று ஊரே பேசுகிறது. ஆனால் அந்தக் கல்யாணம் நடக்காமலே போயிருக்கும் — அதுவும் மணப்பெண்ணாலேயே! அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் தாவீதின் தொண்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் அவருக்கு வேலை. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல். ஞாயிற்றுக்கிழமை அவர் ஜெபம் சொன்னால் ரோட்டில் போகிற லாரிக்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்தக் கஷ்டம் முன்வரிசையில் இருக்கும் என் வலது காதுக்குத்தான் தெரியும்.

அந்தக் குரல் ஒரு ஞாயிறு, சபையே சேர்ந்து சொல்லும் பரமண்டல ஜெபத்தின் நடுவில் சட்டென்று நின்றது. ஒரே ஒரு வரிக்கு. அடுத்த வரியில் பழையபடி கிளம்பிவிட்டது. எந்த வரி? பிறர் எங்களுக்குச் செய்த தப்பை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கடவுளிடம் கேட்கிறோமே... அந்த வரி.

இருமலாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் அதே வரியில் அதே இருமலா?

காரணம் யோசேப்பு. தாவீதும் அவரும் ஒரே பண்ணையில் கூலிக்கு ஏர் ஓட்டியவர்கள். ஒன்றாக ஆலையில் சேர்ந்தவர்கள். எஸ்தருக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, ஞானத்தகப்பனாகக் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவரும் யோசேப்புதான். பிறகு ஆலையில் ஸ்டிரைக் வந்தது. இழுத்துக்கொண்டே போனது. தாவீது கேட்டில் கொடி பிடித்து நிற்கும்போது, ஒரு காலை... யோசேப்பு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வேலைக்குப் போனார். அவர் பின்னால் இன்னும் சிலர். ஸ்டிரைக் உடைந்தது. தாவீதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆலை அவசரப்படவில்லை. அந்த மாதங்களில் வீட்டில் கஞ்சிதான். மனைவியின் தோடு சேட்டுக் கடைக்குப் போனது. திரும்பி வரவே இல்லை.

அன்றிலிருந்து பேச்சு கிடையாது. புதுவாயல் டீக்கடையில் ஒருவர் இருந்தால், மற்றவர் சைக்கிளை நிறுத்த மாட்டார். சர்ச்சில் ஒருவர் இந்தக் கோடி, ஒருவர் அந்தக் கோடி.

அப்படியும் இருவரும் ஜெபம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் போதகர்தான் ஒரு ஞாயிறு அந்த வரிக்கு விளக்கம் சொல்லித் தொலைத்தார். 'மன்னிக்காதவன் இதைச் சொன்னால், என்னையும் மன்னிக்காதே என்று கடவுளிடம் கேட்கிறான் என்று அர்த்தம்.' பிரசங்கத்தை யாராவது நிஜமாகவே காதில் வாங்குவார்கள் என்று அவர் எதிர்பார்த்தாரா, பாவம்?

தாவீது அந்த வரியை விட்டுவிட்டார் என்று தெரிந்ததும், போதகர் அவர் வீடு தேடிப் போய்ப் பேசிப் பார்த்தார்.

"நான் சொன்னா பொய்யாப் பூடும், ஐயா," என்றார் தாவீது. "மேஸ்திரியாண்ட பொய் சொல்லலாம். மேல இருக்கறவராண்ட சொல்ல முடியுமா? நீங்கதான சொன்னீங்க?"

தாவீது வீட்டில் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போதகர் திரும்பிவிட்டார்.

இதற்கு மேல்தான் வேடிக்கை. தாவீதின் மௌனம் ஒட்டுவாரொட்டியாகப் பரவியது. முதலில் எனக்கு. அந்த வரி வந்ததும் என் இரண்டாவது மைத்துனன் முகம் கண் முன்னால் வந்து நிற்கும். குரல் தானாக இறங்கிவிடும். பாடகர் குழுவில் இரண்டு அம்மாக்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தார்கள். கொஞ்ச நாளில் பாதிச் சபை முணுமுணுப்பு. கடைசியில் போதகரின் குரலும், எங்கோ கோடியில் இன்னொரு மெல்லிய குரலும்தான் மிச்சம். அது யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

இந்த நிலையில் எஸ்தருக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று போதகர் கேட்பார். சும்மா ஒரு சடங்கு. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

மூன்றாவது ஞாயிறு அப்படித் திருப்பப் போனபோது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

"எனக்கு ஆட்சேபனை இருக்குது, ஐயா."

எஸ்தர்! கல்யாணப் பெண்ணே தன் ஓலைக்கு ஆட்சேபனை சொல்லி எங்காவது கேட்டிருக்கிறீர்களா? நல்லவேளை, மாப்பிள்ளை வேப்பம்பட்டு சபையைச் சேர்ந்தவர். அங்கே இல்லை.

"மாப்பிள்ளை மேல என்னம்மா குறை?" போதகர் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"அவர் மேல ஒண்ணியும் இல்ல. என்னக் கையில ஏந்தி நின்னவரு யோசேப்பு மாமா. அவருக்குப் பத்திரிகை வைக்க மாட்டேன்றாரு எங்க நைனா. மாமா வராத கல்யாணம் எனக்கு வாணாம்." சொல்லி முடித்தும் அவள் உட்காரவில்லை.

தாவீது எழுந்தார். "அவன் என்னாண்ட வந்து ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டானா? கேக்கச் சொல்லு!"

"நான் இன்னாத்துக்குக் கேக்கணும்?" அந்தக் கோடியில் யோசேப்பும் எழுந்துவிட்டார். "பொஞ்சாதி ஆஸ்பத்திரில கெடந்தா. மருந்துக்கு வழியில்ல. உள்ள போனேன். உன்ன உட்டுட்டுப் போனது தப்புதான். நீ இன்னா பண்ண? கேட்டாண்ட அத்தினி பேரு முன்னால என்ன காட்டிக் குடுத்த யூதாஸுன்னு கூவுன. இன்னிக்கும் ஷிப்டுல பசங்க அப்பிடித்தான்டா கூப்புடுறானுங்க!"

"அதுக்கு? நான் உன் கால்ல உழணுமா?"

"யாரு உழச் சொன்னா? நான்தான் உன்ன எப்பவோ மன்னிச்சிட்டேனே! இல்லாங்காட்டி வாரா வாரம் அந்த வரிய சொல்லிக்கினு இருப்பனா?"

அந்த மெல்லிய குரல்!

"நீயா? என்னையா?" தாவீது கையை ஓங்கிக்கொண்டு இரண்டடி நடந்தே விட்டார். அடிதடிதான் என்று நினைத்தேன். பாதியில் நின்றார். சுற்றிலும் எங்கள் முகங்களைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். பெஞ்சு கிறீச்சிட்டது.

மன்னிக்க வேண்டியவன் நான்தான், மன்னிப்புக் கேட்க வேண்டியவன் அவன்தான் என்றே எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். நம்மையும் யாரோ ஒருவர் சத்தமில்லாமல் மன்னித்துவிட்டு, அதே கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கலாம் என்று நமக்கு எங்கே தோன்றுகிறது?

போதகர் கெட்டிக்காரர். உடனே ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். வரி வரியாக நகர்ந்து, அந்த வரி வந்தது. என் வலது காது முழுக்கப் பின்வரிசையில்தான் இருந்தது. ஒன்றுமில்லை... ஒன்றுமில்லை... பிறகு, கரகரவென்று ஒரு குரல். பாதியில் உடைந்தது. செருமிக்கொண்டு மீதியையும் சொல்லி முடித்தது.

அப்பாடா! சபை மொத்தமும் சேர்ந்துகொண்டது. அந்த நிமிஷத்தில் என் மைத்துனன்கூட எனக்குக் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தான்.

கட்டிப்பிடித்து அழுதார்களா என்று கேட்பீர்கள். இல்லை. வெளியே வந்ததும் தாவீது, "சாயங்காலம் ஊட்ல இரு. பத்திரிகை எடுத்தாறேன்," என்று அதட்டினார். அவ்வளவுதான். ஆனால் மறுநாள் ஷிப்டு மாறும் நேரம், அதே ஆலை கேட்டில், அத்தனை பேர் முன்னால் அவர் போட்ட சத்தத்தை வாட்ச்மேன் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

"டேய் யோசேப்பு! நில்றா, சேந்து போலாம்!"

கல்யாணத்தன்று எஸ்தருக்குப் பின்னால் இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். நான் முன்ஜாக்கிரதையாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். ஜெபத்தில் அந்த வரி வந்ததும், இத்தனை நாள் பாக்கியையெல்லாம் சேர்த்து தாவீது ஒரு முழக்கம் முழக்கினார். ஒரு கைக்குழந்தை வீறிட்டது. யோசேப்பு அவர் முழங்கையைத் தட்டினார்.

"மெதுவா சொல்றா... பக்கத்துலதான நிக்கிறேன்."