வாளியோடு செத்தவளுக்குப் பெயர் இல்லை

இன்று இத்தாலியில், கால்சாவில் நான் வேலை செய்யும் வீட்டில், வீட்டுக்கார அம்மா சின்யோராவோடு ஒரு ஆங்கிலப் படம் பார்த்தேன். இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் அடுத்தடுத்துக் கொலைகள். செலவில்லாமல் எடுத்த படம், இரத்தம் எல்லாம் தக்காளி சோஸ்.

முதலில் செத்தது வீடு துடைக்கிறவள். கோடரியால் தலையில் கொத்து. வாளித் தண்ணீர் சிவந்துபோனது.

நான் கத்திவிட்டேன்.

சின்யோரா பிஸ்கட்டைக் கடித்தபடி சொன்னார்: "பயப்பிடாதை மரியா, அவள் வேலைக்காரிதானே. கதை இனித்தான் தொடங்கும்."

என் பெயர் சிவகௌரி. அது அவருக்கு வாயில் வராதாம்.

பிறகு பாதிரியாரின் கழுத்து அறுபட்டது. டொக்டரைக் கிணற்றுக்குள் தள்ளினார்கள். சின்யோரா இருவருக்கும் சிலுவை போட்டு அழுதார். "மிச்சத்தை நாளைக்குப் பாப்பம்" என்று டிவியை நிறுத்தினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது மிச்சத்தை போனில் பார்த்தேன். கடைசியில் பெயர்கள் ஓடின. அவளுக்கு மட்டும் "வேலைக்காரி" என்று போட்டிருந்தார்கள்.

உடனே என் மனுசனுக்குக் கோல் எடுத்தேன். "டொக்டரின்ரை நாய்க்குக்கூடப் பேர் இருக்கப்பா!"

"விடுமப்பா, படந்தானே" என்றார்.

விடுவேனா? கொலைகாரன் யாரென்று நாளைக்குச் சின்யோராவிடம் கோப்பியோடு சேர்த்துச் சொல்லப்போகிறேன்.

"சிவகௌரி" என்று ஒருதரம் சரியாகக் கூப்பிட்டால் வாயைத் திறக்க மாட்டேன். கூப்பிடுவார் என்று நினைக்கிறீர்களா?