கையில் ஸ்டீரிங் லாக், எதிரே வீடியோ

இன்று காலை மலேசியாவின் கூலாய் நகர சிக்னலில் ஒரு வேன் என் காரைப் பின்னால் இடித்தது.

ஓரங்கட்டினேன். சீட்டுக்கடியில் கிடந்த ஸ்டீரிங் லாக் இரும்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அதை ஒருநாளும் பூட்டப் பயன்படுத்தியதில்லை.

வேன்காரர் கைப்பேசியை நீட்டியபடி நின்றார். “அண்ணே, வீடியோ ஓடுது லா. உங்க வீட்லயும் பாப்பாங்க.”

மகள் முகம் கண்முன் வந்தது.

“பூட்டத்தான் எடுத்தேன்” என்று சமாளித்தேன். அவர் பார்க்கிறாரே என்று நிஜமாகவே ஸ்டீரிங்கைப் பூட்டியும் விட்டேன்.

அந்த லாக்கின் சாவி வீட்டில் இருந்தது.

அவர் சிரித்துவிட்டார். “ஏறுங்கண்ணே, போய் எடுத்துட்டு வந்துரலாம்.” இடித்த வேனிலேயே வீட்டுக்குப் போனேன்.

நாட்டில் அடிதடி குறைந்ததற்குக் காரணம் சட்டம், படிப்பு என்கிறார்கள். எனக்கு வெட்கமே போதுமாக இருந்தது.

உங்கள் சீட்டுக்கடியிலும் இப்படி ஒரு இரும்பு கிடக்கும். அதன் சாவி எங்கே?