மூன்று குழாய் டிவியும் இரண்டு மின்கம்பமும்

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து தென்காசிக்குப் போனேன். சாரலுக்காகப் போகவில்லை, ஒரு டிவியை ஏற்றி வரப் போனேன். பழைய புரொஜெக்‌ஷன் டிவிகளைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வது என் பழக்கம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருகிறேன். வீட்டில் ஏற்கெனவே மூன்று நிற்கின்றன. நான்காவது வந்தால் மாடிப்படிக்குக் கீழேதான் இடம் என்று கணவர் சொல்லிவிட்டார்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இது பீரோ மாதிரி ஒரு பெரிய பெட்டி. அடியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படக்குழாய்கள் இருக்கும். மூன்றின் ஒளியும் உள்ளே ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, முன்திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தால்தான் படம். உட்காராவிட்டால் ஒவ்வொரு முகத்தின் ஓரத்திலும் சிவப்பாகவோ நீலமாகவோ இன்னொரு முகம் எட்டிப் பார்க்கும்.

குற்றாலத்தில் சின்ன லாட்ஜ் நடத்தும் பரமசிவன் அண்ணாச்சி இந்த வலைப்பதிவைப் படித்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார். மச்சினன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த ஐம்பது அங்குல டிவி, நிறம் பிரிந்துவிட்டது, காசு வேண்டாம், வந்து தூக்கிக்கொண்டு போனால் போதும் என்றார். சீசன் என்பதால் அவர் லாட்ஜில் இருப்பாராம். குத்துக்கல்வலசை வீட்டில் மனைவி கோமதி இருப்பார் என்றார். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது என்றுதான் நினைத்தேன்.

தெரிந்த டிரைவர் சேகரின் குட்டியானை மினி லாரியைப் பேசினேன். போக வர 6,500 ரூபாய். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இட்லி சாப்பிட்டு, ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகப் பத்து மணிக்குக் குத்துக்கல்வலசை. ஏறக்குறைய 160 கிலோமீட்டர். கடையநல்லூர் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது.

கதவைத் திறந்த கோமதி அக்கா என்னைத் தாண்டி சேகரைப் பார்த்து, "மெக்கானிக் தம்பியா? வாங்க, ரெண்டு வாரமா ஒங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். சேகர் என்னைப் பார்த்தார். நான் சேகரைப் பார்த்தேன். மதுரையிலிருந்து மெக்கானிக் வருவார், டிவியை வீட்டிலேயே வைத்துச் சரிசெய்து தருவார் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். எனக்குச் சொன்னதோ தூக்கிக்கொண்டு போகச் சொல்லி. அவருக்கு நான்கு முறை போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் மெக்கானிக் இல்லை என்றால் பின்னே யார் என்று கேட்பார். உண்மையைச் சொன்னால் ஒரு குடும்பத்துக்குள் கல்லெறிந்த மாதிரி ஆகும். வண்டி திறந்த வண்டி. இந்தப் பெட்டிகள் மரத்தூள் பலகையால் ஆனவை. சாரல் பட்டால் அப்பளம் மாதிரி ஊதிவிடும். மழை விடும்வரை எப்படியும் ஏற்ற முடியாது. அதுவரை திறந்து பார்ப்போமே என்று, சேகர் இல்லை, நான்தான் பார்ப்பேன் என்று மட்டும் சொன்னேன். "நீங்களா" என்று கேட்டுவிட்டு, காபி போட உள்ளே போய்விட்டார்.

டிவி அருமையான டிவி. திரையில் ஒரு கீறல் இல்லை. போட்டதும் சீரியல் ஓடியது. மாமியார் முகத்தின் இடப்பக்கம் ஒரு சிவப்பு மாமியார். மூன்று நிறங்களையும் பொருத்தும் இரண்டு ஐ.சி. சில்லுகளில் ஒன்று கருகியிருந்தது. இந்த வகை டிவிகளுக்கு வழக்கமாக வரும் வியாதி. என் பையில் எப்போதும் ஒரு ஜோடி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கோமதி அக்கா பேசினார். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அண்ணாச்சி சீசன் முடியும்வரை ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் வருவார். ஊரே அருவிக்குப் போகிற நேரத்தில் இவருக்குத் துணை இந்த டிவிதான். புதிதாக ஒன்று வாங்குகிறேன் என்று அண்ணாச்சி சொன்னபோது வேண்டாம் என்றிருக்கிறார். புது டிவிகளின் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். தூக்கிக்கொண்டு போகிற எண்ணம் எனக்கு அப்போதே பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதி, உண்மையைச் சொல்கிறேன், திரையைப் பார்க்கும்போதெல்லாம் திரும்பி வந்தது.

இரண்டு மணிக்கு ஐ.சி. மாற்றி முடித்தேன். நிறங்களைப் பொருத்துவதற்கென்று டிவியே ஒரு கட்டம்போட்ட படத்தைக் காட்டும். ரிமோட்டால் ஒவ்வொரு கோடாக நகர்த்தி, சிவப்பும் நீலமும் பச்சையின் மேல் சரியாக விழும்வரை உட்கார்ந்தேன். எல்லாம் வெள்ளைக் கோடுகளாகிவிட்டன. எனக்கே பெருமையாக இருந்தது.

கோமதி அக்கா தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். "செவப்பு போயிட்டு. ஆனா ரெண்டாத்தான் தெரியுது."

எழுந்துபோய் அவர் நாற்காலியிலிருந்தே பார்த்தேன். ஒன்றுதான் தெரிந்தது. மறுபடி சரிபார்த்தேன். சேகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் ஒன்று என்றார். கோமதி அக்கா இரண்டு என்றார். மூன்றாவது முறை பொருத்தும்போது என் கைமேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவளுக்கு, எதிரே இருக்கும் கோடு ஒன்றா இரண்டா என்று தெரியவில்லை.

நடுக்கோட்டைப் பொருத்தும்போது நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பேன். அதே பழக்கத்தில், "அக்கா, ஒரு கண்ண மூடிட்டுப் பாருங்க" என்றேன்.

"இப்ப ஒண்ணுதான்."

இன்னொரு கண்ணை மூடச் சொன்னேன். ஒன்று. இரண்டையும் திறந்தால் இரண்டு. அவரை வாசலுக்குக் கூட்டிப்போனேன். தெருமுனையில் நின்ற மின்கம்பத்தைக் காட்டி எத்தனை என்று கேட்டேன்.

"ரெண்டு. பக்கத்துப் பக்கத்துல நிக்கு."

"ஒண்ணுதான்க்கா நிக்குது" என்று சேகர் மெதுவாகச் சொன்னார்.

கோமதி அக்காவின் முகம் மாறியதை இப்போதும் மறக்க முடியவில்லை. மழையால் இரண்டு வாரமாக வீட்டைவிட்டு வெளியே வரவில்லையாம். காய் நறுக்குவது, பூ கட்டுவது, பேப்பர் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. தூரத்தில் இருப்பது டிவி ஒன்றுதான். அது ஏற்கெனவே கெட்டிருந்தது. இரண்டாகத் தெரிகிறது என்று சொல்லும்போதெல்லாம் எல்லாரும் டிவியைத்தான் குறை சொல்லியிருக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

எனக்கு வைத்தியம் தெரியாது. மூளையில் ஏதாவதா, பக்கவாதமா என்று என்னென்னவோ தோன்றியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்றேன். "சோறு கொதிக்கி, எறக்கி வச்சிட்டு வாரேன்" என்று உள்ளே போனவர், நல்ல சேலை ஒன்று மாற்றிக்கொண்டுதான் வந்தார். குட்டியானையின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து தென்காசிக்குப் போனோம். கால் மணி நேரம். வழியெல்லாம் வந்த வண்டிகளைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார்.

ரத்தத்தில் சர்க்கரை நானூறுக்கு மேல். சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரியாது. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு அதனால் தளர்ந்திருக்கிறது, தூரத்தில் இருப்பது இரண்டாகத் தெரிவது அதனால்தான் என்றார் டாக்டர். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகச் சரியாகும், ஆனால் இந்தச் சர்க்கரையோடு இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார் என்றும் சொன்னார். திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

லாட்ஜின் லேண்ட்லைன் எண்ணைச் சேகர் கண்டுபிடித்துத் தகவல் சொல்லி, அண்ணாச்சி நனைந்த சட்டையோடு பைக்கில் வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். கோமதி அக்கா அவர் பக்கம் திரும்பினார். வாசலில் நின்ற காலி வண்டியையும் அதில் கிடந்த கயிறு, தார்ப்பாயையும் பார்த்தே நான் டிவியை ஏற்ற வந்தவள் என்று புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"மெக்கானிக்குன்னுதான சொன்னிய?"

"தெனமும் ரெண்டா தெரியுது ரெண்டா தெரியுதுன்னு சொன்னியா, டிவி போனா இதுவும் போயிரும்னு நெனச்சேன் கோமு."

"போயிருந்தா என் கண்ணுக்கு என்னன்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

அண்ணாச்சி சீட்டைக் கையில் எடுத்தார். டாக்டர் எழுதிய மாத்திரையை வாங்கப் போனார். கடையில் மூன்று பேர்தான் நின்றார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

அன்று ராத்திரி அவருடைய லாட்ஜில் தங்கினோம். சீசன் வாடகை 1,800. வாங்க மாட்டேன் என்றுவிட்டார். டிவியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் ஒருமுறை சொன்னார், வேண்டாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். விடியற்காலையில் ஐந்தருவியில் குளித்தேன். எதற்காக வந்தேன், என்ன செய்தேன், இது சந்தோஷமா ஏமாற்றமா என்று தண்ணீருக்கு அடியிலும் குழப்பமாகத்தான் இருந்தது. காலி வண்டியோடு மதியம் மதுரை திரும்பினோம். காத்திருப்புக்குச் சேகர் 500 கேட்டார், 1,000 கொடுத்தேன்.

டிவி எடுக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தப் பக்கம் போனால் மூடிய வண்டி பேசுங்கள். பெட்டியைப் படுக்கவைத்து ஏற்றாதீர்கள். குழாய்களின் முன்னால் குளிர்விக்கும் திரவம் இருக்கிறது, ஒழுகிவிடும். போனில் கொடுப்பவரிடம் பேசினால் மட்டும் போதாது, அந்த டிவியைத் தினமும் பார்ப்பவரிடமும் பேசுங்கள். உங்கள் வீட்டில் யாராவது எதையாவது இரண்டாகத் தெரிகிறது என்று சொன்னால், பொருளைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். மூடினால் ஒன்றாகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை. அக்டோபர் கடைசியில் கோமதி அக்கா கூப்பிட்டார். சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, தெருக்கம்பம் ஒன்றாகிவிட்டது. பிறகு கொஞ்சம் தயங்கி, "டீச்சர், டிவியில இப்ப பச்ச ஓரமா வெலகுது. இது என் கண்ணு இல்ல, அவுகளுக்கும் அப்படித்தான் தெரியுதாம். எப்ப வாரிய?" என்றார்.

வருகிற சனிக்கிழமை போகிறேன். வண்டி பேசவில்லை; பஸ்ஸில்தான்.