மோதி பாக்கில் நாலு சிவப்பு இலைகள்

உலகத்திலேயே இலைகளை ஒழுங்காகப் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் எங்கள் மோதி பாக் சாவித்திரி மாமி. இன்னொருவர் இன்னும் பிறக்கவில்லை. மாமி போனைத் தூக்கினால் காற்று நின்றுவிடும். வெயில் வரிசையில் வந்து நிற்கும்.

மிச்ச நேரத்தில் மாமி மத்திய அரசு குமாஸ்தா. எங்களுக்குக் கீழ்வீடு. தினமும் ஆபீஸ் பஸ் வருவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது ஒரு மரத்தடியில் நிற்பார். தொட்டிக் குரோட்டன்ஸ் பக்கம் திரும்பக்கூட மாட்டார். இந்த மண்ணின் மரங்கள்தான்: வேம்பு, அரசு, புரசு, அப்புறம் கேட் ஓரத்துப் பில்கன். பில்கன் என்றால் ஆலமரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.

"இலையுதிர் காலம் அக்டோபர்னு எந்தப் புஸ்தகத்துல வேணா போட்டுக்கட்டும். நம்ம டில்லிக்கு ஹோலி சமயம்தான்" என்பார். அப்போது பில்கன் மொட்டையாகி, சில நாளில் புதுத் தளிர் விட்டுச் செம்புக் குடம் மாதிரி சிவக்கும்.

இந்த வருஷம் பின்தெருப் பில்கன்கூடச் சிவந்துவிட்டது. எங்களுடையது மொட்டையாகவே நின்றது. காலனிச் சங்கச் செயலாளர் மகாதேவன் மாமா சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து நாலே மாதம். "பட்டுப்போன மரம். ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல வெட்டறதுக்கு மனு எழுதிடலாம்" என்றார்.

"உசிரோடதான் சார் இருக்கு" என்றார் மாமி.

"ஒரே ஒரு இலை காட்டுங்கோ, விட்டுடறேன்."

சனிக்கிழமை சாயங்காலம் மாமி படம் எடுக்காமல், மரத்தின் மேல் கைவைத்துச் சும்மா நின்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை. மாமியை ஏமாற்றிப் பார்க்க நல்ல சமயம் என்று நினைத்துக்கொண்டேன். வேறு காரணம் ஒன்றுமில்லை. பின்தெருவில் நாலு சிவப்பு இலை பறித்து, ஏணி போட்டு, கையில் கிடைத்த ஸ்டேப்ளரால் கிளையில் குத்தினேன்.

ஞாயிறு காலை மாமி அவற்றைப் படம் எடுத்தார். "அச்சா" என்றார். அவ்வளவுதான்.

மீட்டிங்கில் மாமி காட்டிய படத்தில் என் இலை இல்லை! அரிசி அளவு மொட்டு ஒன்றுதான் இருந்தது. "பத்து நாள் கொடுங்கோ சார். அதுக்குள்ள இது விரியலேன்னா நானே மனுல கையெழுத்து போடறேன்."

மகாதேவன் மாமா முனகிக்கொண்டே கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் மரம் உச்சி முதல் அடி வரை சிவந்தது. மகாதேவன் மாமாவே முதல் ஆளாக அதன் கீழ் நின்று செல்ஃபி எடுத்தார்.

"பார்த்தேளா மாமி, எனக்கு அப்பவே தெரியும்" என்றேன்.

மாமி போனை நீட்டினார். அதே ஞாயிற்றுக்கிழமைப் படம், வெட்டாமல் முழுசாக. இரண்டு விரலால் பெரிதாக்கினார். சிவப்பு இலை, காம்பு, காம்பில் பளபளவென்று ஒரு பின். பக்கத்திலேயே அந்த மொட்டு.

"பத்தாம் நம்பர் பின். இருபத்தாறு வருஷமா ஆபீஸ்ல இதைத்தானேடா குத்திண்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? உன் இலையைப் பார்க்கப் போய்த்தான் மொட்டே கண்ல பட்டுது" என்றார் மாமி. "அது கிடக்கட்டும், அனிருத். என் ஸ்டேப்ளர் எங்கே?"