நாற்பது பிடி அரிசி

செமிலிங் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், ஆடிக் கூழ் காய்ச்சுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஆள் எண்ணுவது வழக்கம். வீட்டுக்கு வீடு பையோடு போவோம். ஓர் ஆளுக்கு ஒரு பிடி அரிசி. வந்து சேரும் பிடிகள்தாம் தோட்டத்தின் தொகை. நாற்பது பிடிக்குக் குறைந்தால் இனி இங்கே அடுப்பு மூட்டுவதில்லை, டவுன் கோயிலோடு சேர்ந்துகொள்வோம் என்று கோயில் தலைவர் சொல்லியிருந்தார். தேதி போடாமல் எதையும் எழுதாதவன் என்பதால் எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

நடக்க நடக்க அலுப்பாக இருந்தது. மேட்டு லயத்தின் வரிசை வீடுகளில் பாதிக் கதவுகளில் பூட்டு. சுங்கை பட்டாணிக்குப் போனவர்கள், பினாங்குத் தொழிற்சாலைகளுக்குப் போனவர்கள். கீழ் லயம் முழுக்க நேப்பாளத்துக்காரர்களும் வங்காளதேசத்துக்காரர்களும். செம்பனைக் குலை வெட்டுவது இப்போது அவர்கள்தாம். கீழ் லயத்துக்கு நான் போகவில்லை. போகும் வழக்கமில்லை.

கடைசி வீடு, கூழ் காய்ச்சும் அக்காவுடையது. தனியாக இருக்கிறார். முறத்தில் அரிசியோடு காத்திருந்தவர் பைக்குள் நான்கு பிடி போட்டார். ஒன்று தனக்கு, மீதி பிள்ளைகளுக்கு. மூத்தவன் சிங்கப்பூரில் இருக்கிறான். மகளைக் கோலா கெடாவில் கட்டிக்கொடுத்தாயிற்று. இளையவன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பழைய குடிமதிப்பு அறிக்கைகளை வரி வரியாகப் படித்தவன் நான். ஊரில் இல்லாத ஆளுக்கு அவற்றில் கட்டம் கிடையாது. மூன்று பிடியை அள்ளி முறத்திலேயே திரும்பக் கொட்டினேன்.

அக்கா கத்தவில்லை. "ஆத்தாளுக்குப் போட்டத எடுத்து எங்கையிலயே குடுக்கிற தம்பி. இத நான் ஒலையில போடவா, கோழிக்குப் போடவா?" என்றார். முறத்தை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைக் கூட்டினேன். முப்பத்தெட்டு. கூழ் டவுனுக்குப் போனால் அக்கா அங்கே போய்க் காய்ச்ச முடியாது. முட்டி வலியோடு எங்கள் கோயில் வரை நடப்பதே அவருக்குப் பெரும்பாடு. வருஷத்தில் நாலு பேர் அவரைத் தேடும் நாள் அது ஒன்றுதான்.

சாயங்காலம் திரும்பிப் போனேன். முறம் வைத்த இடத்திலேயே இருந்தது. எறும்பை ஊதிவிட்டு மூன்று பிடியையும் பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே வானொலி பாடியது. அவர் வெளியே வரவில்லை. தலைவரிடம் நாற்பத்தொன்று என்றேன். "நீ எண்ணினா சரியாத்தான் இருக்கும்லா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதுதான் உறுத்தியது.

அடுத்த ஞாயிறு அண்டா அடுப்பேறியது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே துழாவினார். ஊற்றத் தொடங்கியதும் கீழ் லயத்து ஆட்கள் வாளிகளோடு வந்து வரிசையின் கடைசியில் நின்றார்கள். ஒவ்வொரு வருஷமும் வருகிறவர்கள்தாம். என் குறிப்பேட்டில் எந்த வருஷத்துப் பக்கத்திலும் அவர்கள் இல்லை. "மாரி சினி" என்று மலாயில் பக்கத்தில் கூப்பிட்டு, அக்கா அண்டாவைச் சாய்த்து வழித்து ஊற்றினார்.

எனக்குக் கடைசியில் அரைக் கிண்ணம் தேறியது. அதை நீட்டியபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்த வருஷம் நீ வராத தம்பி. நானே எண்ணிக்கிறேன்."