பன்னிரண்டு பிளம் பழங்களும் ஒரு கையெழுத்தும்

போஹுமிலா எங்கள் கம்பெனிக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் பிர்னோ நகர டிராமில் மஃப்டியில் டிக்கெட் பரிசோதித்தவள். அழுதவர்கள், அதட்டிய பேராசிரியர்கள், தூங்குவதுபோல் நடித்த பாதிரியார் என எல்லாரையும் பார்த்தவள். அபராதம் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் சிநேகிதம் அப்படித்தான் ஆரம்பித்தது. ஐம்பது வயதில் பயிற்சி வகுப்பில் சேர்ந்து சாஃப்ட்வேர் டெஸ்டர் ஆனாள். வேலைதான் மாறியது, குணம் மாறவில்லை.

எங்கள் புரோகிராம் ஒரு ஆஸ்பத்திரியின் நோயாளிக் குறிப்புகளைப் பூட்டி அனுப்புகிறது. பூட்டுவது ஒரு குறியாக்க லைப்ரரி, அதாவது வெளியாட்கள் எழுதித் தந்த ஆயத்த நிரல். 'பழைய நோஞ்சான் பூட்டுகளைத் தொடாதே' என்று ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் எழுதி வைத்திருக்கிறோம். புரோகிராம் கிளம்பும்போது லைப்ரரி அதைப் படித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தலைவர் ஹினெக். வாசலில் ஷூவைக் கழற்றி வீட்டுச் செருப்பை மாட்டும்போதும் 'இன்ஜினியர்' பட்டத்தைக் கழற்றாத மனிதர். திங்கட்கிழமை ஒரு தாளை நீட்டினார்.

"போஹுமிலாம்மா, ஒரு கையெழுத்து. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிலேருந்து ஆய்வாளர் வர்றார்."

"லைப்ரரி இந்த ஃபைலைப் படிக்குதுன்னு போட்டிருக்கு. படிக்குதா, இன்ஜினியர் சார்?"

"மூணு வருஷமா ஓடுது. ஒரு புகார் உண்டா?"

"டிக்கெட் இல்லாம மூணு வருஷம் போனவனைத் தெரியும் சார். அவனுக்கும் ஒரு புகாரும் இல்ல."

ஹினெக்கின் காது சிவந்தது. "கையெழுத்து இல்லேன்னா உங்க ஒப்பந்தத்தை நான் எப்படிப் புதுப்பிக்கிறது?"

இந்த வயதில் அவளுக்கு இன்னொரு வேலை குதிரைக்கொம்பு.

"ஃபைல்ல ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் புரோகிராம் கிளம்பாதும்மா," என்றார் அவர். "கிளம்புதில்ல? அப்ப படிக்குதுன்னுதானே அர்த்தம்?"

"ஒரு எழுத்து தப்பா இருந்தாலுமா?"

"ஒரே ஒரு எழுத்து!"

அவள் சிரித்தாள். டிராமில் என்னைப் பிடித்தபோதும் இதே சிரிப்புதான்.

மறுநாள் பதினோரு மணிக்கு, எங்கள் ஊர் வழக்கப்படி பெரிய தேவாலயத்தில் மத்தியான மணியை ஒரு மணி நேரம் முன்னதாகவே அடிக்கையில், எங்களை எல்லாம் சோதனைக் கணினி முன் நிறுத்தினாள். ஹினெக் புரோகிராமைத் தொடங்கினார். ஜம்மென்று கிளம்பியது.

"போதுமா?"

"இப்ப ஃபைலைத் திறந்து சத்தமாப் படிங்க சார்."

ஹினெக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "பாலாடைக்கட்டி அரைக் கிலோ. முட்டை ஒண்ணு. பிளம் பழம் பன்னிரண்டு, கொட்டை நீக்க வேண்டாம்... என்னம்மா இது?"

"கொழுக்கட்டை, சார். எங்க வீட்டுப் பக்குவம். எழுத்துப் பிழை ஏதாச்சும் இருக்கா?"

கீழ்மாடி வரை சிரிப்பு கேட்டிருக்கும். பாவம், ஹினெக் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தார். புரோகிராம் அந்த ஃபைலைத் தேடியது அவருடைய பழைய மடிக்கணினியில் இருந்த ஃபோல்டரின் பெயரில். இங்கே அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை. ஃபைல் கிடைக்காவிட்டால் லைப்ரரி மூச்சு விடாது. நோஞ்சான் பூட்டுகளையும் சேர்த்துக்கொண்டு தன்பாட்டுக்குக் கிளம்பிவிடும்.

விலாசத்தைத் திருத்தி மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை கொழுக்கட்டையைப் படித்துவிட்டு, 'முதல் வரி: சமக்குறி இல்லை' என்று புரோகிராம் முரண்டு பிடித்து நின்றது. கிளம்பாத புரோகிராமுக்கு நாங்கள் கைதட்டியது அன்றுதான்.

போஹுமிலா அசல் செட்டிங்ஸ் வரிகளைத் திரும்பச் சேர்த்து, கொழுக்கட்டை வரிகளின் முன்னால் எல்லாம் லைப்ரரி தாண்டிப் போகும் குறியைப் போட்டாள். இப்போது கிளம்பியது. பழைய பூட்டோடு தட்டிப் பார்த்தாள், உள்ளே விடவில்லை. அதன்பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

"அந்தக் கொழுக்கட்டையைத் தூக்கிடுங்கம்மா. மானம் போயிடும்."

"இருக்கட்டும் சார். மனுஷங்க யாராச்சும் படிக்கிறாங்களான்னும் தெரியணுமே."

"வியாழக்கிழமை முடியட்டும், அப்புறம் ஒப்பந்தத்தைப் பத்திப் பேசலாம்," என்று கடுகடுத்தார் ஹினெக்.

வியாழக்கிழமை வந்த ஆய்வாளர் ஒல்லியான, சிரிக்காத மனிதர். ஃபைலை அச்செடுத்து வாங்கி, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். ஹினெக்குக்கு வியர்த்தது. எனக்கும்தான்.

"எல்லாம் சரியா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம்," என்றார் கடைசியில். "மேலே தூவுற கசகசா எவ்வளவுன்னு போடலையே?"

"ஐம்பது கிராம், ஐயா," என்றாள் போஹுமிலா. "உங்க டிக்கெட் செல்லும்."

ஹினெக் மேசை இழுப்பறையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து, பேனாவோடு அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பேனாவைத் தொடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.